வகுப்பறைக் காற்றும் நம் சிலபஸும்: ஆய்வுத் தலைப்புக்குக் கருத்து வேண்டும்

#1 கொத்துக்கரண்டி

எல்லாருக்கும் வணக்கம். சிவில் துறையில் பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பில்டிங் சர்வீசஸ் தாளை எங்கள் துறையில் யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை. அதனால் அது வருடா வருடம் என் தலையில் விழும். இப்போது பகுதிநேர முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பு தோன்றிய கதை இது. போன பருவத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இரவல் கிடைத்தது. சும்மா வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். 58 பேர், கதவு சாத்தியிருந்தது, ஏசி ஓடியது. ஐம்பது நிமிடத்தில் 2,600 பி.பி.எம்.மைத் தாண்டிவிட்டது, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,600 பங்கு. வெளிக்காற்றில் 420 சுமார் இருக்கும். அன்றைக்கு நான் நடத்தியது எந்தப் பாடம் தெரியுமா? காற்றோட்டம்.

எங்கள் வளாகத்தில் இரண்டு கட்டடங்கள். பழையது உயரமான கூரை, இரு பக்கமும் ஜன்னல். புதியது முழுக்கக் கண்ணாடியால் மூடியது, திறக்க வழியில்லை. இரண்டிலும் படிக்கும் மாணவர்கள் எத்தனை நாள் உடம்பு சரியில்லை என்று லீவு எடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, கட்டட வடிவமைப்புக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவலாம் என்று நினைக்கிறேன். இது ஆய்வாக நிற்குமா? கிழிக்க வேண்டுமென்றால் தயங்காமல் கிழியுங்கள், வைவாவில் கிழிபடுவதற்கு இது மேல்.

#2 துருவேறியவன்

மேடம், இருபது வருடமாக ஏசி, காற்றோட்டம் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்றையும் கொண்டுவராது. பாதிப் பேருக்கு இது தெரியாது. குளிர்ந்தாலே நல்ல காற்று என்று நினைப்பு.

ஆளுக்கு எவ்வளவு காற்று என்ற கணக்கின் வரலாற்றை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், கதை மாதிரி கேட்பார்கள். அமெரிக்க வெப்பமூட்டல், காற்றோட்டப் பொறியாளர் சங்கம் 1895ல் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 கன அடி என்று வைத்தது. அதாவது வினாடிக்கு 14 லிட்டர். அப்போது அவர்கள் மனதில் இருந்தது காசநோய் பயம். 1930களில் ஹார்வர்டில் யாக்லோ என்பவர் ஆட்களை அறையில் உட்கார வைத்து, வெளியிலிருந்து வருகிறவர்களை மூக்கால் மதிப்பிடச் சொன்னார். அதன்பிறகு கணக்கு நோயிலிருந்து நாற்றத்துக்கு மாறியது. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1981ல் அந்தச் சங்கத்தின் வழிவந்த ஆஷ்ரே, புகைப்பிடிக்காத அலுவலகங்களுக்கு ஆளுக்கு 5 கன அடி போதும் என்றது. சும்மா இரண்டரை லிட்டர்! தலைவலி, கண் எரிச்சல், 'நோய்க் கட்டடம்' என்று புகார் குவிந்தபின் 1989ல் குறைந்தபட்ச அளவை 15ஆக ஏற்றினார்கள். மனிதன் நுரையீரல் இந்த நூறு வருடத்தில் மாறவில்லை. மாறியது எரிபொருள் விலை.

வேடிக்கை என்னவென்றால், 2024ல் மொராவ்ஸ்காவும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் பொது இடங்களுக்கு ஒரு பரிந்துரை எழுதினார்கள். ஆளுக்கு வினாடிக்கு 14 லிட்டர். 1895க்கே திரும்பி வந்துவிட்டோம்.

#3 நாடிமானி

பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறேன். கிழிக்கச் சொன்னதால் கிழிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஆய்வில் எத்தனை மாதிரிகள் என்று கேட்டால் அறுநூறு மாணவர் என்று சொல்வீர்கள். நான் இரண்டு என்பேன். இரண்டு கட்டடம், அவ்வளவுதான். ஒரே கட்டடத்தில் இருப்பவர்கள் ஒரே காற்று, ஒரே காய்ச்சல், ஒரே தேர்வுக் கால அட்டவணை எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். புதுக் கட்டடத்தில் முதலாமாண்டும் பழையதில் நான்காமாண்டும் இருந்தால்? முதலாமாண்டுப் பையன் காய்ச்சலோடு வகுப்புக்கு வருவான், நான்காமாண்டுக்காரன் காய்ச்சலே இல்லாமல் மெடிக்கல் சர்டிபிகேட் தருவான். நீங்கள் அளப்பது நோயையா, தைரியத்தையா?

கட்டடத்தை மாற்றி உடல்நலத்தை அளந்த நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை எப்படிச் செய்யப்பட்டன என்று பாருங்கள். மெக்சிகோவில் 'பீசோ ஃபிர்மே' என்ற அரசுத் திட்டம் மண் தரை வீடுகளுக்கு சிமென்ட் தரை போட்டுக்கொடுத்தது. ஒட்டியே இருக்கும் நகரங்கள். ஆனால் நடுவில் மாநில எல்லை. ஒரு பக்கம் திட்டம் வந்தது, மறுபக்கம் வரவில்லை. காட்டானியோவும் குழுவும் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு 2009ல் எழுதினார்கள். வீடு முழுக்க சிமென்ட் ஆனால் குழந்தைகளின் குடற்புழு 78 சதவீதம், வயிற்றுப்போக்கு 49 சதவீதம், ரத்தசோகை 81 சதவீதம் குறைகிறது என்று மதிப்பிட்டார்கள். தாய்மார்களின் மன அழுத்தமும் குறைந்தது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. தரை.

இன்னொன்று காம்பியா. வீட்டுக் கதவு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, கூரை இடுக்கையும் அடைத்தால் என்ன ஆகும் என்று 2009ல் 'லான்செட்'டில் வந்தது. வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வலை இல்லாத வீடுகளில் 30 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை, முழுக்க வலை அடித்த வீடுகளில் 19. எல்லாரும் இதைப் பெருமையாக மேற்கோள் காட்டுவார்கள். அதே நாட்டில் ஓலைக் கூரையைத் தகரமாக்கி, கதவுக்கு வலை போட்டுச் செய்த பெரிய ஆய்வு 2021ல் வந்தது. மலேரியாக் காய்ச்சல் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்கெனவே படுக்கை வலை கொடுத்திருந்தார்கள், அதற்கு மேல் வீடு எதுவும் கூட்டித் தரவில்லை. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உங்கள் முடிவும் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை எழுதுகிற மனநிலை இருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

#4 மூன்றாம்பெஞ்சு

இறுதியாண்டு சிவில் மாணவன். ஒரே சந்தேகம். 2,600 பி.பி.எம்.மில் மூளை மந்தமாகும் என்று வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் என் அரியர்களுக்கு நான் பொறுப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#5 நாடிமானி

அரியருக்கு நீங்கள்தான் தம்பி பொறுப்பு :)

விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2012ல் சதீஷ் குழுவின் ஆய்வில் 1,000, 2,500 பி.பி.எம்.மில் முடிவெடுக்கும் திறன் சரிந்தது. 2016ல் ஹார்வர்டின் ஆலன் குழு 24 பேரை வைத்துச் செய்ததில், சாதாரணக் கட்டடத்தைவிட நல்ல காற்றோட்டமும் குறைந்த ரசாயன ஆவியும் இருந்த நாட்களில் மதிப்பெண் 61 சதவீதம் கூடியது, காற்றோட்டத்தை இன்னும் கூட்டியபோது 101. பத்திரிகைகள் கொண்டாடிய எண்கள் இவை. ஆனால் டென்மார்க்கில் ஜாங், வர்கோட்ஸ்கி முதலானோர் சுத்தமான கார்பன் டை ஆக்சைடை மட்டும் அறைக்குள் விட்டு 3,000 வரை ஏற்றிப் பார்த்தார்கள், பெரிய பாதிப்பு இல்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, மனித உடம்பிலிருந்து வருகிற மற்றவையும் சேர்ந்து தேங்கும்படி அதே 3,000ஐ எட்டியபோதுதான் தலைவலியும் சோர்வும் வந்தன.

ஆகவே அந்த வாயுவை விஷம் மாதிரிப் பார்க்காதீர்கள். அடுத்தவர் மூச்சு எவ்வளவு நம் மூச்சில் கலக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. 1858லேயே மியூனிக்கில் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1,000 என்ற எல்லையைச் சொன்னபோது இந்த அர்த்தத்தில்தான் சொன்னார். நம்மாட்கள் அதை விஷத்தின் அளவாக மாற்றிவிட்டார்கள்.

#6 வரைபலகை

கட்டடக் கலைஞன். இஞ்சினியர்கள் 'காற்று' என்றாலே குழாயையும் விசிறியையும் பற்றியே பேசுகிறீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே, முதல் ஸ்கெட்ச்சிலேயே, பாதி முடிவாகிவிடுகிறது. கூரை எவ்வளவு உயரம், ஜன்னல் ஒரு பக்கமா இரு பக்கமா, நடைவழி நடுவிலா ஓரத்திலா.

எஸ்கோம்பே குழு பெரு நாட்டின் லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007ல் எழுதியதைப் படித்துப் பாருங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால் மணிக்கு சராசரியாக 28 முறை காற்று மாறியது. நெகடிவ் பிரஷர் போட்ட (உள்காற்று வெளியே கசியாதபடி விசிறியால் அழுத்தம் குறைத்த) நவீன அறைகளில் 12. 1950க்கு முன் கட்டிய, பெரிய ஜன்னலும் உயரக் கூரையும் உள்ள பழைய வார்டுகளில் 40. ஒரு நாள் முழுக்கக் காசநோயாளியோடு இருந்தால் தொற்று வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். இயந்திரக் காற்றோட்ட அறையில் 39 சதவீதம், பழைய வார்டில் 11. தாத்தா காலத்துக் கட்டடம் ஜெயித்தது!

பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1933ல் கட்டி முடித்த பைமியோ காசநோய் இல்லத்தில், படுத்திருப்பவர் கண்ணில் படுகிற கூரைக்கு அமைதியான நிறம், அடுத்தவர் தூக்கம் கெடாதபடி தண்ணீர் சத்தமில்லாமல் விழுகிற வாஷ்பேசின் என்று யோசித்தார். அவருக்கு யாரும் ரேண்டம் குலுக்கல் போட்டுக் காட்டவில்லை.

உல்ரிச் 1984ல் பித்தப்பை அறுவை செய்த நோயாளிகளைப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சராசரி 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாள். வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

#7 துருவேறியவன்

உல்ரிச் பார்த்தது 46 பேரை. நாற்பது வருடமாக உங்கள் துறை அந்த 46 பேரின் பித்தப்பையில் வண்டி ஓட்டுகிறது.

லிமா ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் லிமாவின் தட்பவெப்பம் மிதமானது, ஜன்னலைத் திறந்தால் யாரும் விறைத்துச் சாகமாட்டார்கள். பனி கொட்டுகிற இடத்தில் அந்த 40 முறையை நர்ஸ் இரவு பத்து மணிக்கே பூஜ்யமாக்கிவிடுவார், நோயாளி குளிர்கிறது என்பார். வெளியே லாரிப் புகை ஓடுகிற இடத்தில் ஜன்னலைத் திறப்பது வேறு வியாதி. அளந்த அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது, சரி. மற்ற 364 நாளும்?

#8 வரைபலகை

விசிறியும் அப்படித்தானே சார்? கரண்டு பில்லைப் பார்த்து யாரோ அணைத்துவிட்டால் உங்கள் 12ம் பூஜ்யம்தான். ஜன்னலுக்காவது கைப்பிடி கண்ணுக்குத் தெரிகிறது.

#9 துருவேறியவன்

அது உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

சொந்தக் கதை ஒன்று. பல வருடம் முன்பு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்துக்கு டிசைன் செய்தேன். பேரைச் சொல்லவில்லை. வெளிக்காற்று வருகிற குழாய், வடிகட்டி, எல்லாம் கணக்குப் பார்த்து வரைந்தது. நாலு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். மாடிக்கு ஏறிப் பார்த்தால் வெளிக்காற்று உள்ளே நுழைகிற வாயை ஒரு பிளைவுட் பலகை வைத்து ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வந்ததாம், தவிர சூடான காற்றைக் குளிர வைக்க பில் ஏறுகிறதாம். நாலு வருடம் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள்! என் டிராயிங்கில் எல்லாம் சரியாக இருந்தது. விருதுக்குக்கூட அனுப்பினார்கள்.

மழைத் தடுப்பு மறைப்பை நான் சின்னதாக வரைந்திருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்தப் பலகையில் என் பங்கும் இருக்கிறது. எங்கள் தொழிலில் திரும்பிப் போய்ப் பார்க்கிற பழக்கமே கிடையாது. பிரிட்டனில் 1995லிருந்து சில வருடம் 'ப்ரோப்' என்று குடிபுகுந்த கட்டடங்களைத் திரும்பிப் போய் ஆராய்ந்து பெயரோடு வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், அதன்பிறகு எவ்வளவு குறைவாக நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

#10 நாடிமானி

நீங்கள் சொன்னதும் ஆமாய் கார்டன்ஸ் ஞாபகம் வந்தது. சிவில் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஹாங்காங், 2003 மார்ச். உயரமான அடுக்குமாடி வளாகம். சார்ஸ் தொற்றோடு வயிற்றுப்போக்கும் இருந்த ஒருவர் 'ஈ' பிளாக்கில் உறவினர் வீட்டில் வந்து தங்கி, கழிப்பறையைப் பயன்படுத்தினார். சில வாரத்தில் வளாகத்தில் 300க்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அந்த ஒரே பிளாக். ஒருவரை ஒருவர் சந்தித்தே இராதவர்கள், வேறு வேறு மாடிகளில்.

குளியலறைத் தரையில் வடிகால் இருக்கும் இல்லையா, அதற்குக் கீழே யூ வடிவத்தில் வளைந்த குழாய். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குக் கதவு. அங்கே ஜனங்கள் குளியலறைத் தரையைக் கழுவிவிடாமல் துணியால் துடைத்துவிடுவார்கள். தரை வடிகாலுக்குத் தண்ணீரே போகவில்லை, யூ காய்ந்துபோனது. கதவு திறந்துவிட்டது. இதோடு எக்ஸாஸ்ட் விசிறி. சின்னக் குளியலறைக்குத் தேவைக்கு மேல் சக்தி. கதவைச் சாத்தி விசிறியைப் போட்டால் காற்று எங்கிருந்து வரும்? காய்ந்த வடிகால் வழியாக, கழிவுக் குழாயிலிருந்து. அந்தக் காற்றை விசிறி கட்டட இடுக்குக்குள் தள்ளியது. அங்கிருந்து மேலே எழும்பி அடுத்த மாடிகளின் ஜன்னலுக்குள் போனது.

ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பார்த்தால் பெரிய ஆபத்து தெரியாது. யூ வளைவு, விசிறி, காற்று இடுக்கு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. டிரெயினேஜ் உங்களுக்கு ஒரு தாள், காற்றோட்டம் இன்னொரு தாள். எங்களுக்குத் தொற்றுநோய் மூன்றாவது தாள்.

ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வில்லியம் வெல்ஸ் சுகாதாரப் பொறியாளர், ரிச்சர்ட் ரைலி டாக்டர். 1950களின் பிற்பகுதியில் பால்டிமோரில் ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டின் காற்றை அப்படியே மேல்மாடிக் கூண்டுகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கினிப் பன்றிகள். நோயாளியை அவை பார்த்ததே இல்லை, வெறும் குழாய்க் காற்றில் தொற்று வந்தது. புற ஊதா ஒளி காட்டிய காற்று போன கூண்டில் வரவில்லை. காசநோய் காற்றில் பரவும் என்பதைக் குழாய் போடத் தெரிந்தவர் துணையில்லாமல் நிரூபித்திருக்க முடியாது.

#11 மட்டுறுத்துநர்

முகக்கவசம் போடலாமா வேண்டாமா என்று நடந்த சண்டையின் பதினான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே கட்டடம், பாடத்திட்டம் மட்டும்.

#12 கொத்துக்கரண்டி

ஆமாய் கார்டன்ஸ் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. யூ வளைவைப் பத்து வருடமாகப் போர்டில் வரைகிறேன், 'வாட்டர் சீல் 50 மில்லிமீட்டர்' என்று அம்புக்குறி போட்டு. அது காய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

டாக்டர், உங்கள் விமர்சனம் சரி. இரண்டு கட்டட ஒப்பீட்டைக் கைவிடுகிறேன். ஆனால் இப்போது என் கவனம் வேறு இடத்துக்குப் போகிறது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பான அபெட்டின் விதிகளில் மாணவர் பெற வேண்டிய திறன்களில், டிசைன் செய்யும்போது பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றைக் கருதவேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் (1989ல் தொடங்கியது) சேர்ந்த நாடுகளிலும் இதே மாதிரி வாசகம் உண்டு. எங்கள் துறையிலும் அதற்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின இரவு அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது யார் என்று கேட்காதீர்கள்.

எரின் செக் என்ற சமூகவியலாளர் 2014ல் எழுதியது மனதை உறுத்துகிறது. அமெரிக்காவில் நான்கு கல்லூரிகளில் பொறியியல் மாணவர்களைத் தொடர்ந்து கேட்டார். சேரும்போது இருந்த பொதுநல அக்கறை படித்து முடிக்கும்போது குறைந்திருந்தது. நாம் கற்றுக்கொடுக்காமல் விடுகிறோம் என்று நினைத்திருந்தேன். இருப்பதையும் கழற்றிவிட்டு அனுப்புகிறோம் போலிருக்கிறது.

#13 மூன்றாம்பெஞ்சு

மேடம், என் அனுபவத்தில் அது உண்மை. முதல் வருடம் வீடு கட்டணும் பாலம் கட்டணும் என்று வந்தோம். இப்போது பீம் டிசைனில் கம்பி எத்தனை என்று மட்டும்தான் பார்க்கிறோம். அந்த பீமுக்குக் கீழே ஆள் இருப்பார் என்பது கணக்கில் 'லைவ் லோடு' என்று வரும். சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன்.

#14 நாடிமானி

லைவ் லோடு மூச்சும் விடும் தம்பி.

மேடம், உங்கள் ஆய்வு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர்களின் உடல்நலத்தை அளக்காதீர்கள். அவர்களின் டிராயிங்கை அளங்கள். ஒரு வகுப்பைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி வழக்கமான லேப். மறுபாதி மீட்டரோடு சொந்த வகுப்பறைகளை அளக்கட்டும். ஆறு வாரம் கழித்து எல்லாருக்கும் ஒரே டிசைன் வேலை கொடுங்கள். நூறு பேர் உட்காரும் ஒரு பயிற்சிக் கூடம், இடம் இவ்வளவு, அவ்வளவுதான். 'காற்றோட்டம்' என்ற சொல்லே கேள்வித்தாளில் வரக்கூடாது. கேட்டால் எல்லாரும் போடுவார்கள். கேட்காதபோது யார் போடுகிறார்கள் என்பதே உங்கள் அளவீடு. திருத்துகிறவருக்கு எது எந்தப் பாதி என்று தெரியக்கூடாது. முடிந்தால் இதை இன்னும் நாலைந்து கல்லூரிகளில் செய்யுங்கள்.

செய்து கற்பது நல்லது என்பதற்கு ஃபிரீமன் குழு 2014ல் 225 ஆய்வுகளைத் திரட்டிக் காட்டியிருக்கிறது, வெறும் விரிவுரையில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கெடுக்கும் முறையில் 21.8. ஆனால் அது தேர்வு மதிப்பெண். தேர்வுக்கு வெளியே, கேட்காத இடத்தில் அறிவு தலைகாட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

#15 மூன்றாம்பெஞ்சு

மீட்டரை வைத்து எண்ணைப் பார்ப்பது சரி, அதிலிருந்து காற்று எவ்வளவு வருகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது? யாராவது சொல்லுங்களேன். பரீட்சைக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

#16 துருவேறியவன்

இரண்டு வழி.

ஆட்கள் வெகுநேரம் உட்கார்ந்து எண் ஏறாமல் நின்றுவிட்டால்: உட்கார்ந்திருக்கும் ஒருவர் வினாடிக்கு சுமார் 0.005 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஆளுக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வந்தால் வெளியைவிட 500 பி.பி.எம். கூட நிற்கும். அதாவது 920 சுமார். 14 லிட்டர் என்றால் 800க்குள் அடங்கும். இரண்டே லிட்டர் என்றால் 2,900.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டு எண் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். வெளியைவிட 1,600 கூட இருந்தது அரை மணியில் 400 ஆனால், நாலில் ஒரு பங்கு. நாலின் இயல் மடக்கை 1.386. அதை அரை மணியால் வகுத்தால் 2.8. மணிக்கு 2.8 முறை காற்று மாறுகிறது. அறை 180 கன மீட்டர் என்றால் மணிக்கு சுமார் 500 கன மீட்டர், வினாடிக்கு 140 லிட்டர். நாற்பது பேர் இருந்தால் ஆளுக்கு மூன்றரை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வீடல்லாத பொது இடங்களுக்குச் சொன்னது 10.

மீட்டர் வாங்கும்போது கவனம். உள்ளே அகச்சிவப்பு சென்சார் இருக்கவேண்டும். மலிவாக வருகிற சிலது வேறு ஏதோ ஆவியை மோந்துபார்த்து கார்பன் டை ஆக்சைடு என்று கதை விடும். அதன் பக்கத்தில் சானிடைசரைத் திறந்தால் எண் எகிறும், அதுதான் சோதனை. வாயருகே வைக்காதீர்கள். இன்னொன்று, பல மீட்டர்கள் ஒரு வாரத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த எண்ணையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எப்போதும் ஆள் இருக்கிற அறையில் மாட்டியே வைத்தால் நாளடைவில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே காட்டும். அவ்வப்போது வெளியே கொண்டுபோய்க் காற்றுக் காட்டுங்கள்.

#17 வரைபலகை

ஒரு வேண்டுகோள். டிராயிங்கைத் திருத்தும்போது 'ஜன்னல் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்காதீர்கள். புரொஜெக்டர் ஓடுகிற பிற்பகலில், திரைச்சீலை இழுத்துவிட்டு, வெளியே யாரோ டிரில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அறை எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். திறக்க முடிந்தும் யாரும் திறக்காத ஜன்னல் ஏராளம். அந்தப் பத்தியில் மாணவன் மாட்டுவான்.

#18 கொத்துக்கரண்டி

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எத்திக்ஸ் கமிட்டி, மீட்டர் வாங்க அனுமதி, பருவத் தேர்வு. முழு ஆய்வு அடுத்த பருவம்தான். அதற்கு முன் நாலு குழு, குழுவுக்கு மூன்று பேர் என்று ஒரு முன்னோட்டம் பார்த்தேன். பன்னிரண்டு பேரை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று டாக்டர் திட்டுவார், தெரியும். எண்ணாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அளக்கும் வேலையில் பிள்ளைகள் இவ்வளவு இறங்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு குழு சாயங்காலம் ஆறு மணி வரை போகவில்லை. பழைய கட்டடத்தில் கதவும் எதிரெதிர் ஜன்னல்களும் திறந்தால் எண் சரசரவென்று இறங்கியது. ஆனால் பாதி ஜன்னல்கள் பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு திறக்கவே வராமல் இருந்தன. பழையது நல்லது, புதியது மோசம் என்று நான் முதல் பதிவில் எழுதிய கணக்கு அங்கேயே ஆட்டம் கண்டது. இன்னொரு குழு கழிப்பறையில் போய் எல்லா வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தது. நான் சொல்லவே இல்லை, ஆமாய் கார்டன்ஸ் கதை மட்டும்தான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து டிசைன் வேலை. 'காற்றோட்டம்' என்ற சொல் கிடையாது. மூன்று குழு எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வைத்திருந்தது, அதில் ஒன்று திரைச்சீலைக்கு மேலே தனியாகத் திறப்பு வைத்து 'பிற்பகலில் மூடவேண்டாம்' என்று குறிப்பும் எழுதியிருந்தது. வரைபலகை சார், அது உங்கள் வெற்றி.

நாலாவது குழு மட்டும் பெரிய எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை வரைந்து நிறுத்திவிட்டது. காற்று உள்ளே வர வழி எங்கேயும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், நீங்கள் போர்டில் இப்படித்தான் வரைந்தீர்கள்" என்று ஒரு மாணவி நோட்டைக் காட்டினாள். பார்த்தேன். என் படம்தான். அறை, விசிறி, வெளியே போகிற அம்புக்குறி. உள்ளே வருகிற அம்புக்குறி இல்லை. பதினோரு வருடமாக அதே படம்.

#19 துருவேறியவன்

இப்போது மாற்றிவிட்டீர்களா?

#20 கொத்துக்கரண்டி

அம்புக்குறி போட்டுவிட்டேன் சார். எதிர்ச் சுவரில் ஒரு திறப்பும்.

#21 துருவேறியவன்

மழைத் தடுப்பைக் கொஞ்சம் பெரிதாக வரையுங்கள்.